செல்லத்தாய் விட்ட கொட்டாவி

உசிலம்பட்டிச் சீமையில் இதுவரை விடப்பட்ட கொட்டாவிகளுக்கெல்லாம் ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு செல்லத்தாய்க்குத்தான். சிவராத்திரிக்கு மறுநாள், வெயில் சுள்ளென்று ஏறிய நேரத்தில், குலசாமி கோயில் பந்தலுக்குக் கீழே நின்று அவள் வாயைத் திறந்தாள் பாருங்கள், அதற்குள் ஒரு டவுன் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, கண்டக்டர் இறங்கி டீயும் குடித்திருக்கலாம். திறந்ததில் தப்பில்லை. திறந்த வாய் திரும்ப மூடவில்லை. அதுதான் வில்லங்கம்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. டவுன் பக்கம் குடியிருக்கிற ஒத்தக்கடையிலிருந்து முந்தின நாளே பஸ் மாறி வந்தவள். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மற்றவர்கள் சாமிக்காகக் கண் விழித்தார்கள் என்றால் செல்லத்தாய் ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் கண் விழித்தாள். ‘அண்ணே, கோவிச்சுக்கிராதீக. சத்யப்ரியாவைச் சூரியபிரகாசுக்குக் குடுக்க எனக்கு மனசு இல்லை.’ இதை உள்ளுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்ததில், விடிவதற்குள் அந்த வாக்கியம் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. வெளியே எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அண்ணன் என்பது பேயாண்டி. ஊரில் பாதிப் பேருடைய மாட்டுக்கு அவர்தான் தரகு. மீசையில் இந்தப் பக்கம் ஒரு காக்காயும் அந்தப் பக்கம் ஒரு காக்காயும் தாராளமாக உட்காரும். அவர் மகன் சூரியபிரகாஷுக்குச் செல்லத்தாயின் மகள் சத்யப்ரியா முறைப்பெண். பையன்மேல் ஒரு குறையும் கிடையாது, தொல்லையே அதுதான். குடிகாரனாகவோ ஊர் சுற்றியாகவோ இருந்திருந்தால் செல்லத்தாய் இந்நேரம் ஜம்பமாக மறுத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பாள். ஆனால் காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற சத்யப்ரியா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “சின்னதுலருந்து ஒரே தட்டுல அடிச்சுக்கிட்டுத் தின்ன பயம்மா அவன். எப்படிப் பாத்தாலும் எனக்கு அண்ணன் மாதிரிதான் தெரியுறான். நீ போயிச் சொல்லிட்டு வந்துரு. நான் நிம்மதியாப் பரிட்சை எழுதுறேன்.”

சொல்லிவிட்டு வருவது என்ன லேசா? அந்தக் கோயிலுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. சொந்தத்துக்குள் பெண் கேட்கிறவர்கள் சிவராத்திரிக்கு மறுநாள், கிடா வெட்டுக்கு முன்னால், சாமி எதிரே நின்று கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவள் அங்கேயே, அப்போதே பதில் சொல்ல வேண்டும். மறுக்காவிட்டால் கொடுத்ததாகத்தான் கணக்கு. அதற்கப்புறம் கலெக்டரே ஜீப்பில் வந்து இறங்கினாலும் மாற்ற முடியாது. செல்லத்தாயையே அப்படித்தான் லாரி டிரைவர் காளைக்குப் பேசினார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் விஷயத்தில் அது நடக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

பேயாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். அவருக்குச் சுருக்கமாகப் பேச வராது. பாட்டன் காலத்துப் பஞ்சத்திலிருந்து ஆரம்பித்தார். பஞ்சம் முடிந்து மழை பெய்து, கிணறு வெட்டி, மூன்று ஜோடி மாடு வாங்கி, அதில் ஒரு மாடு செத்தும் போனது. பெண் கேட்கிற இடம் இன்னும் வந்தபாடில்லை. செல்லத்தாய் இரண்டு கையிலும் தேங்காய் பழத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். செத்த மாட்டைப் புதைக்கிற கட்டத்தில்தான் அந்தக் கொட்டாவி வந்தது.

டொக்.

இரண்டு காதுக்கும் முன்னால், ஒரே நேரத்தில். அந்தச் சத்தத்தை அவள் அறிவாள்.

போன வருஷம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டபோதும் இதே டொக்தான். காளை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். சத்யப்ரியாதான் அம்மாவின் முகத்தைத் துப்பட்டாவால் மூடி ஆட்டோவில் போட்டுச் சிம்மக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே ஹரிஷ்குமார் என்று ஒரு பல் டாக்டர், சௌராஷ்டிரக்காரர். கட்டைவிரல் இரண்டிலும் துணியைச் சுற்றி அவள் வாய்க்குள் விட்டு, கடைசிக் கடைவாய்ப் பல் மேல் வைத்துக் கீழே அழுத்தி, அப்படியே பின்னால் தள்ளினார். அந்த நேரத்தில் அவருடைய அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வீட்டுப் பாஷையில் சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடலாம் என்கிற மாதிரி என்னவோ பேசிக்கொண்டே தாடையை மாட்டிவிட்டார். மாட்டிய கையோடு விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

“துணி எதுக்குச் சுத்துனேன் தெரியுமாம்மா?” என்றார். “உள்ள போன உடனே தாடை தன்னால கடிச்சுரும். எலிப்பொறி மாதிரி. மண்டையில மத்த எலும்பெல்லாம் ஒட்டவெச்ச மாதிரி அசையாம இருக்கும். கீழ்த்தாடை ஒண்ணுதான் கதவாட்டம் ஆடும். கதவு ஆடுற குழிக்கு முன்னால ஒரு சின்ன மேடு இருக்கு. உங்க எலும்பு அந்த மேட்டைத் தாண்டிருச்சு. சதை வேற இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு, அதான் தானாத் திரும்ப முடியலை. இனிமே கொட்டாவி வந்தா கைமுட்டியைத் தாடைக்குக் கீழ குடுத்து அழுத்திக்கங்க. ஒரு தடவை தாண்டுனது திரும்பவும் தாண்டும்.”

அம்மாவும் மகளும் இதை வெளியே மூச்சு விடவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒருத்திக்கு ‘வாய் கழண்டவ’ என்று பேர் வைத்துவிட்டால் அது நாலு தலைமுறைக்கு ரேஷன் கார்டில்கூட ஏறிவிடும். புருஷனுக்கும் சொல்லவில்லை. தெரிந்த ஒரே ஆள் சத்யப்ரியா. அவள் அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது முட்டி கொடுக்கக் கையில்லை, கையில் தாம்பாளம். தாடை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. வாயோரம் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. காதுக்கு முன்னால் யாரோ கடப்பாரையைச் சொருகித் திருகுகிற மாதிரி வலி. “அண்ணே” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். “ஆ… ஏ…” என்று கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

முதலில் பார்த்தது பேயாண்டியின் சம்சாரம் ஒச்சாயி.

“என்ன செல்லத்தாயி, அவரு பேச்சு அம்புட்டு அலுப்பா இருக்கா? வாயை மூடு, ஈ போயிரும்” என்று சிரித்தாள். அப்புறம் எச்சிலைப் பார்த்தாள். பிதுங்கி நின்ற கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. “ஏ, இங்க வாங்க. செல்லத்தாய் மேல ஆத்தா இறங்கிருச்சு.”

செல்லத்தாய் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். இடமும் வலமுமாக, பலமாக ஆட்டினாள். ஆட்டியதில் கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. சாமி வந்தவள் வேறு எப்படி ஆடுவாள்? கூட்டம் அப்படியே எழுந்தது. குலவைச் சத்தம் மேற்கே மலையில் மோதித் திரும்பி வந்து, இன்னொரு குலவையோடு முட்டிக்கொண்டது. உறுமிக்காரன் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவள் காதோரமே உருட்ட ஆரம்பித்தான்.

வேண்டாம் என்று தாம்பாளத்தைக் கீழே போட்டாள். “ஆத்தாவுக்குக் கோவம்” என்றார்கள். மஞ்சள் தண்ணீர் ஒரு குடம் தலையில் விழுந்தது. மூடாத வாய்க்குள் பாதித் தண்ணீர் போய்ப் புரையேறி, மூக்கு வழியாக வெளியே வந்தது. “ஆத்தா குளுந்துட்டா” என்றார்கள். இடுப்பில் வேப்பிலையைச் சொருகினார்கள். புருஷன் காளையைத் தேடிப்பிடித்துத் தன் தாடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பக்கம் தலை குனிந்து ஒரு தடவைகூட நின்றிராத காளை, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“தாயே, போன மாசம் உன் மேல கை ஓங்குனது தப்புத்தான்” என்று மண்ணைப் பார்த்துச் சொன்னான். “லாரிக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்க.”

செல்லத்தாய்க்கு அழுகை வந்தது. அழவும் வாய் மூட வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. திறந்த வாயோடு அழுதால் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்.

“பாருங்க, ஆத்தா சிரிக்கிறா” என்றார் கோடாங்கி. கோடாங்கி என்றால் அந்தக் கோயிலில் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். சாமி பேசுவதை மனுசருக்கு விளக்குவது அவர் பாடு. “பேயாண்டி, இதுதான் நேரம். நீ செல்லத்தாய்கிட்டக் கேக்க வேண்டியதை நேரா ஆத்தாகிட்டவே கேளு. இந்த வாய்ப்பு உன் அப்பனுக்கும் கிடைக்கலை, பாட்டனுக்கும் கிடைக்கலை.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வலிகூட மறந்துபோனது. இதுவரை தாடை மட்டும்தான் போயிருந்தது. இனி மகளும் போகப் போகிறாள்.

சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அஞ்சாவது வரை படித்தவள் இல்லையா, எழுதிக் காட்டிவிடலாம் என்று விரலால் மண்ணில் ‘வே’ என்று எழுதினாள். அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்துவதற்குள் கோடாங்கி ‘வே’யை அப்படியே அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார். பின்னாலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள். அவள் எழுதின இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தண்ணீரே வந்திருக்கும்.

பேயாண்டி கை கூப்பிக்கொண்டு எதிரே மண்டி போட்டார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

“ஆத்தா, என் தங்கச்சி மக சத்யப்ரியாவை என் மகனுக்குக் கேக்கேன். நீ சம்மதிச்சாத்தான்.”

இல்லை என்று தலையை ஆட்டினாள். குலவை.

அவர் இரண்டாம் தடவை கேட்டார். இன்னும் பலமாக ஆட்டினாள். இன்னும் பலமாகக் குலவை.

“திருநீறு குடுத்தா சரின்னு அர்த்தம்” என்று கோடாங்கி தட்டை நீட்டினார். செல்லத்தாய் அந்தத் தட்டை ஓங்கித் தட்டிவிட்டாள். தட்டு ஆகாசத்துக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, திருநீறு முழுக்கப் பேயாண்டியின் தலையில் கொட்டியது. மனுசன் மீசை நுனி வரைக்கும் வெள்ளையாகிவிட்டார்.

“இதுக்கு மேல என்னய்யா வேணும்?” என்றார் கோடாங்கி. “தட்டோட குடுத்துட்டா. மூணு தடவை கேட்டு முடிச்சிரு. ரெண்டு ஆச்சு.”

இன்னும் ஒரு தடவை. மூன்றாவது கேள்விக்குப் பேயாண்டி மூச்சை இழுத்தார். செல்லத்தாய் தன் கட்டைவிரல் இரண்டையும் வாய்க்குள் விட்டு, டாக்டர் செய்த மாதிரி கடைவாயில் வைத்து அழுத்தினாள். தனக்குத்தானே செய்கிறபோது கைக்குப் பலம் போதவில்லை. இறுகின சதை இம்மியும் இளகவில்லை. சுற்றிப் பார்த்தாள். காளை இன்னும் மண்ணில் கிடந்தான். பெண்கள் எட்டி நின்று கும்பிட்டார்கள். எதிரே கூப்பியிருந்தது ஒரே ஒரு ஜோடிக் கைதான். எருமைக் கொம்பைப் பிடித்து முறுக்கிப் படுக்கவைக்கிற கை.

அண்ணனின் இரண்டு மணிக்கட்டையும் எட்டிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவருடைய கட்டைவிரல்களைத் தன் வாய்க்குள் திணித்தாள்.

குலவை பாதியில் அறுந்தது. உறுமிகூட நின்றுவிட்டது.

“ஆத்தா விரல் பலி கேக்கா” என்று ஒச்சாயி முனகினாள். “ஏங்க, குடுத்துருங்க. எதுத்துக்கிராதீக.”

“எவன்டி குடுப்பான், தரகுக்கு விரல் வேணும்டி” என்ற பேயாண்டி, கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் விரலை இழுத்துக் கடைசிப் பல் மேல் சரியாக வைத்து, கண்ணால் கெஞ்சினாள். கீழே, கீழே என்று தலையை அசைத்தாள். பேயாண்டிக்கு அந்தப் பார்வை பிடிபடவில்லை. பயம்தான் பிடிபட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்று காலை ஊன்றினார். மஞ்சள் தண்ணீரில் மண் சேறாகிக் கிடந்தது. கால் வழுக்கியது. தொண்ணூறு கிலோ ஆளும் அப்படியே அவள்மேல் சரிந்தார். அந்தக் கனம் முழுக்க இரண்டு கட்டைவிரல் வழியாக அவள் கடைவாயில் இறங்கியது. கீழே அழுத்தி, பின்னால் தள்ளி.

டொக்.

எலிப்பொறி சாத்திக்கொண்டது.

பேயாண்டி போட்ட அலறலில் இரண்டு கிடாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஒன்று இன்னும் அகப்படவில்லை. செல்லத்தாய்க்கு ஒரு கணம் பல்லை எடுக்கவே மனசு வரவில்லை. அப்புறம் விட்டாள். இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டு, வாயைப் பாதிதான் திறந்து, சொன்னாள்.

“சத்யப்ரியாவைக் குடுக்க எனக்கு மனசு இல்லைண்ணே.”

ராத்திரியெல்லாம் வழவழவென்று தேய்த்து வைத்திருந்த வாக்கியம், கரடுமுரடாகத்தான் வெளியே வந்து விழுந்தது. கோவிச்சுக்கிராதீக என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

கோடாங்கி குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இதைச் சொல்றது ஆத்தாவா, செல்லத்தாயா?” என்றார் கோடாங்கி.

ஆத்தா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணனுக்கும் மனத்தாங்கல் இல்லை, ஊருக்கும் பேச்சில்லை. கும்பிட்டுவிட்டுக் கிடாய்க் கறி தின்னப் போய்விடுவார்கள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவ்வளவு நேரம் தலையிலே தண்ணீரை ஊற்றி, இடுப்பிலே வேப்பிலையைச் சொருகி, ஒரு தடவைகூட அவளை அவளாகப் பார்க்காத கூட்டம் அது. இன்னும் கொஞ்ச நேரம்கூட அவளால் ஆத்தாவாக இருக்க முடியவில்லை.

“செல்லத்தாய்தான். சாமி கீமி ஒண்ணும் வரலை. வாயி கழண்டுக்கிருச்சு. வேணாம் வேணாம்னுதான் இம்புட்டு நேரமும் தலையை ஆட்டுனேன்.”

கோடாங்கிக்கு முகம் கறுத்தது. நெற்றியிலிருந்த மண்ணைத் துடைக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார். “அப்படியெல்லாம் மாத்திப் பேசப்படாது. தட்டோட வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். வாயி எங்கயாவது கழலுமா? கையா, காலா? நாங்க கண்ணால பாத்தோம்.” பின்னாலிருந்தும் குரல்கள் வந்தன. சாமி முன்னால் பொய் சொல்கிறாள், டவுனுக்குக் குடிபோன திமிர், அபராதம் போடு. காளை எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, அவளைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்த்தான்.

“பேயாண்டி, நீ சொல்லு” என்றார் கோடாங்கி. “உன் கைதான் உள்ள போச்சு. சாமியா, எலும்பா? நீ சொல்றதுதான் முடிவு.”

செல்லத்தாய் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையெல்லாம் திருநீறு. கட்டைவிரல் இரண்டிலும் பல் பதிந்து ரத்தம் வழிந்தது. சாமி என்று சொன்னால் சத்யப்ரியா அவர் வீட்டு மருமகள். ஒற்றைச் சொல். மகன் ஆசைப்பட்ட பெண், தானும் ஆசைப்பட்ட சம்பந்தம், பாட்டன் பஞ்சத்திலிருந்து ஆரம்பித்துப் பேசிக் கேட்ட பெண்.

அண்ணன் சுருக்கமாகப் பேச மாட்டார் என்று தெரியும்; பேசாமலே இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. வெயில் பந்தல் கீற்று வழியாக அவர் மூக்கின் மேல் ஏறியது. ஒச்சாயி பின்னாலிருந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“சாமின்னு சொல்லுங்களேங்க” என்றாள் அடித்தொண்டையில்.

பேயாண்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாட்டுக்குத் தொடை நழுவுனா நான்தான் ஏத்திவிடுவேன்” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். “குழிக்குள்ள ஏறுறப்ப எலும்பு ஒரு உருளு உருளும். கையில தெரியும். இப்பவும் தெரிஞ்சுச்சு.” நிறுத்தினார். “எலும்புதான்யா.”

வேட்டியைப் பிடித்திருந்த கையை ஒச்சாயி விட்டுவிட்டு விலகிப் போனாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சூரியபிரகாஷ், கயிற்றை அறுத்துக்கொண்டு போன கிடாயைத் தேடப் போகிறவன் மாதிரி, யார் முகத்தையும் பார்க்காமல் காட்டுப் பக்கம் நடந்தான்.

செல்லத்தாய் வாயைத் திறக்கப் போனாள்.

“பேசாத” என்றார் பேயாண்டி. “திரும்பவும் கழண்டா இன்னொரு விரலு என்கிட்ட இல்லை. நான் கேட்டேன், நீ இல்லைன்னுட்ட. அம்புட்டுத்தான். இனிமே என் வாசலுக்கு வாரப்ப, உன் மதினிகிட்டக் கேட்டுக்கிட்டு வா. அவ என்ன சொல்வாளோ எனக்குத் தெரியாது.”

இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்தார். சேறும் மஞ்சளுமாய் இருந்த துண்டை உதறி, அவள் தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோனார். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி முரட்டுத்தனமாகத்தான் இழுத்தார். முடிச்சுப் போடப் போனபோது கட்டைவிரல் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தார். துண்டின் முனை நழுவி நழுவி விழுந்தது.

“ஒரு முனையைப் பிடி” என்றார்.

செல்லத்தாய் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறு முனையை அவர் பல்லால் கவ்வி இறுக்கினார்.